என்.எச்.ஐ. (தென்னாப்பிரிக்க அரசோட தேசிய மருத்துவக் காப்பீடு) வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா, இல்ல மாகாணத்துக்கிட்டயே கேக்கலாமா?

பீனிக்ஸ் தென்காசிக்காரன் | டர்பன்

வணக்கம் மக்களே. பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துட்டு வந்து படிங்க.

எங்க பீனிக்ஸ்ல கோயில் ஆளுங்க, மசூதி ஆளுங்க, சர்ச் ஆளுங்க, பக்கத்துல இனாண்டாவுல இருந்து சில பேருன்னு ஒரு கூட்டம் சேர்ந்திருக்கோம். காசு இருக்கவன் இல்லாதவன்னு பாக்காம எல்லாருக்கும் கட்டுப்படியாகுற மருத்துவம் வேணும்னு குவாசூலு-நட்டால் சுகாதாரத் துறைக்கு ஒரு மனு குடுக்கணும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்னு எழுதுற வேலைய என் தலையில கட்டிட்டாங்க.

மொத கூட்டத்துலயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு. ஒரு பக்கம், "2024 மே 15ல ஜனாதிபதி ராமபோசா என்.எச்.ஐ. சட்டத்துல கையெழுத்து போட்டாச்சு, அதை சீக்கிரம் அமல்படுத்துன்னு மட்டும் கேளு, அது வந்தா எல்லாம் தானா சரியாகும்"ங்கிறாங்க. இன்னொரு பக்கம், "அது மேல எத்தனை கேஸ் இருக்குன்னு தெரியுமா, நம்ம பேரப்புள்ளைங்க காலத்துல வந்தா உண்டு, இப்ப கிளினிக்ல மாத்திரை இல்லைன்னா அதுக்கு மாகாணம்தான் பதில் சொல்லணும்"ங்கிறாங்க. ரெண்டும் சரியாத்தான் படுது, அதான் சிக்கல்.

என் வீட்டு நிலைமைய சொல்றேன். எனக்கும் வீட்டுக்காரிக்கும் புள்ளைங்களுக்கும் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருக்கு, கம்பெனி ஒரு பங்கு கட்டுது, ஆனா ஒவ்வொரு ஜனவரியும் ஏத்துறதை பாத்தா சம்பளம் ஏறுறது இவனுக்குன்னே ஏறுற மாதிரி இருக்கு. மாமியார் இங்கயே பொறந்து வளந்தவங்க, சாசா பென்ஷன் (அரசாங்க முதியோர் உதவித்தொகை) வாங்குறாங்க, சுகர் பிரஷர் ரெண்டும் உண்டு. அவங்களையும் சேத்துடலாம்னு கேட்டேன். 35 வயசுக்கு மேல எந்த ஸ்கீம்லயும் இல்லாம இருந்துட்டு இப்ப வர்றவங்களுக்கு லேட் ஜாய்னர் பெனால்டின்னு கட்டணத்துக்கு மேல 75 சதவீதம் வரைக்கும் போடலாமாம், அது போக ஏற்கனவே இருக்க வியாதிக்கு 12 மாசம் ஒண்ணும் கிடையாதாம். லெட்டரை படிச்சுக் காட்டினேன், "விடு மாப்ளை, நான் கிளினிக்குக்கே போறேன்"னுட்டாங்க.

அந்த கிளினிக்குக்கு ஒருநாள் நானும் கூடப் போனேன். விடியறதுக்கு முன்னாடியே கேட்டுக்கு வெளிய மடக்கு சேர் போட்டு கிழவன் கிழவிங்க வரிசையா உக்காந்திருக்காங்க, மேல ஒரு தகரம் கூட கிடையாது, தூறல் வேற, பிளாஸ்டிக் பையை தலையில போத்திக்கிட்டு ஒரு கோகோ (சூலுவுல பாட்டி) எங்களுக்கு இடம் புடிச்சு வெச்சிருந்தாங்க. கேட்டு திறந்தா ஃபைல் எடுக்க ஒரு லைன், பிரஷர் பாக்க ஒரு லைன், சிஸ்டரைப் பாக்க ஒரு லைன், மருந்துக்கு ஒரு லைன். கடைசி ஜன்னலுக்குப் போறப்ப மதியம் ஆயிடுச்சு. சுகர் மாத்திரை இருக்கு, பிரஷர் மாத்திரை இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிட்டாங்க. காசு வாங்கலை, அதை ஒத்துக்கணும். ஆனா ஒரு நாள் பொழப்பு போச்சு, டாக்ஸிக்கும் அழுதாச்சு.

என் கேள்வி இதுதான். மாகாணத்துக்கு இதுல நிஜமாவே அதிகாரம் இருக்கா? வேற நாட்டுல மாநில அளவுல மட்டும் எல்லாருக்கும் மருத்துவம்னு சாதிச்சவங்க இருக்காங்களா? மனுவுல என்ன கேட்டா தட்டிக் கழிக்க முடியாது?

---

லெனேசியா குமார் | ஜோபர்க்

தென்காசி அண்ணே, மனசு நல்ல மனசு, ஆனா மாகாணத்துக்கிட்ட கேக்கறேன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்க கவுட்டெங் மாகாணத்தை ஒரு தடவை பாத்துட்டு போங்க.

லைஃப் எசிடிமெனி ஞாபகம் இருக்கா. 2016ல செலவைக் குறைக்கிறோம்னு மனநல நோயாளிகளை அள்ளிக்கிட்டுப் போய், ஒழுங்கா லைசென்ஸ் கூட இல்லாத என்.ஜி.ஓ.க்கள்ல போட்டாங்க, 144 பேரு செத்தாங்க. பண்ணது யாரு, மாகாண சுகாதாரத் துறை. அதே துறையில கணக்கு பாத்த பபிதா தேவ்கரன், டெம்பிசா ஆஸ்பத்திரி பில்லுல கோல்மால் இருக்கு, பணத்தை நிறுத்துங்கன்னு சொன்னாங்க. 2021 ஆகஸ்ட் 23 காலைல பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு திரும்பி வந்தவங்களை வீட்டு வாசல்ல வெச்சு சுட்டுட்டானுங்க. நம்ம வீட்டு அக்கா மாதிரி ஒரு அம்மா. சுட்டவனுங்க ஜெயிலுக்கு போயிட்டானுங்க. அந்த ஒரு ஆஸ்பத்திரியில மட்டும் 2 பில்லியன் ராண்டுக்கு மேல சுருட்டியிருக்காங்கன்னு 2025ல அரசாங்கத்தோட ஊழல் விசாரணைப் பிரிவு எஸ்.ஐ.யு.வே சொல்லிடுச்சு.

இப்ப இதே ஆளுங்க கையில நாட்டோட மொத்த மருத்துவப் பணத்தையும் ஒரே பெட்டியில போட்டுக் குடுக்கறதுக்குப் பேருதான் என்.எச்.ஐ.ங்கறது. அந்தச் சட்டத்துல 33ஆம் பிரிவை படிச்சீங்களா, அது முழுசா அமலுக்கு வந்துட்டா நிதியம் குடுக்காத சேவைக்கு மட்டும்தான் மெடிக்கல் எய்ட் காசு குடுக்க முடியும். அதாவது இப்ப இருக்கறதையும் விட்டுட்டு லைன்ல நில்லுங்கறான். மாகாணமும் வேணாம் என்.எச்.ஐ.யும் வேணாம், மெடிக்கல் எய்டை சல்லிசா குடுன்னு கேளுங்க, நானும் கையெழுத்து போடறேன்.

---

கணக்குப்பிள்ளை | பிரிட்டோரியா

குமார் சொன்ன சம்பவம் எல்லாம் உண்மை, முடிவுலதான் எனக்கு ஒப்புதல் இல்ல. அதுக்கு அப்புறம் வரேன், மொதல்ல தென்காசிக்காரர் கேட்ட அதிகார விஷயம்.

அரசியல் சட்டத்தோட அட்டவணை 4ல சுகாதாரம் மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் பொதுவுல இருக்கு. நடைமுறையில ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், நர்ஸ் டாக்டர் சம்பளம், மருந்து இதெல்லாம் மாகாணத்தோட பட்ஜெட். டர்பன்ல இன்னொரு குழப்பம் இருக்கு, சில கிளினிக்கு மாகாணத்தோடது, சில கிளினிக்கு முனிசிபாலிட்டியோடது, உங்க மாமியார் போறது யாரோடதுன்னு மொதல்ல கேட்டுக்கோங்க, இல்லாட்டி மனு தப்பான ஆபீஸ்ல தூங்கும்.

ஆனா பணம்? 228ஆம் பிரிவுப்படி மாகாணம் வருமான வரி போட முடியாது, வாட் போட முடியாது, சொத்து வரியும் முடியாது. பிரிட்டோரியாவுல இருக்க மத்திய அரசுகிட்ட இருந்து வர்ற பங்கைத்தான் பிரிச்சு செலவு பண்ணணும். அதனால குவாசூலு-நட்டாலுக்கு மட்டும் ஒரு தனி மருத்துவக் காப்பீடு ஆரம்பின்னு மனுவுல எழுதினீங்கன்னா, சட்டத்துல இடமில்லைன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிடுவாங்க.

வேற ஊர்ல சாதிச்சவங்க உண்டா? உண்டு. கனடாவுல சஸ்காச்சுவான்னு ஒரு மாகாணம், கோதுமைக்காடு. டாமி டக்ளஸ் முதல்வரா இருந்தப்ப 1947ல ஆஸ்பத்திரி செலவுக்கு மாகாணக் காப்பீடு கொண்டு வந்தாங்க, அவருக்கு அப்புறம் வந்த முதல்வர் காலத்துல 1962 ஜூலை 1ல டாக்டர் ஃபீசுக்கும் சேர்த்து. அன்னிக்கே டாக்டர்ங்க ஸ்ட்ரைக், 23 நாள். அரசாங்கம் அசையலை, பிரிட்டன்ல இருந்து டாக்டர்களை வரவழைச்சு ஓட்டினாங்க, கடைசியில சமரசம் ஆச்சு. 1966ல அதையே கனடா முழுக்க சட்டமா போட்டுட்டாங்க. ஒரு மாகாணம் செஞ்சு காட்டினதாலதான் நாடு செஞ்சுச்சு.

தோத்த கதையும் இருக்கு. அமெரிக்காவுல வெர்மான்ட் 2011ல எல்லாருக்கும் மாநிலமே குடுக்கும்னு சட்டம் போட்டுச்சு. கணக்கு போட்டுப் பாத்தா முதலாளிங்ககிட்ட சம்பளத்துல 11.5 சதவீதமும், ஜனங்ககிட்ட வருமானத்துல 9.5 சதவீதம் வரைக்கும் புது வரி வாங்கணும்னு வந்துச்சு. 2014 டிசம்பர்ல கொண்டு வந்த கவர்னரே கைவிட்டுட்டாரு. சஸ்காச்சுவானுக்கும் வெர்மான்டுக்கும் வரி போட அதிகாரமாவது இருந்துச்சு, நமக்கு அதுவும் இல்ல. அதனால மாகாணத்துக்கிட்ட காப்பீடு கேக்காதீங்க, சேவையை கேளுங்க. ஆள், மருந்து, கூரை, ஆம்புலன்ஸ்.

குமாருக்கு ஒண்ணு. நாட்டுல 15, 16 சதவீதம் பேருதான் மெடிக்கல் எய்ட்ல இருக்காங்க, ஆனா நாட்டோட மருத்துவச் செலவுல கிட்டத்தட்ட பாதி தனியார் பக்கம் போகுது. நம்ம காசுல நாம பாத்துக்கறோம்னு நினைக்கிறோம், அதுலயும் அரசாங்கக் காசு இருக்கு. 2024-25 வரிக் கணக்குல மெம்பருக்கும் மொத டிபென்டன்டுக்கும் மாசம் தலா 364 ராண்ட், அதுக்கு மேல தலைக்கு 246 ராண்ட்னு வரியில கழிச்சுக் குடுத்தாங்க. பென்ஷன் வாங்குற மாமியாருக்கு அந்தக் கழிவு கிடையாது, ஏன்னா அவங்க வருமான வரி கட்டுற அளவுக்கு சம்பாதிக்கலை. இந்த ஏற்பாட்டை நியாயம்னு நான் சொல்ல மாட்டேன். என்.எச்.ஐ. சரியான மருந்தான்னு கேட்டா அதுலயும் எனக்கு சந்தேகம் உண்டு, வாங்குற அதிகாரம் பூரா ஒரு நிதியத்துக்கிட்ட போயிடுது, மாகாணம் வெறும் சப்ளையர் ஆயிடும். 2023 டிசம்பர் 6ல என்.சி.ஓ.பி.ல (மாகாணங்களோட பிரதிநிதிங்க இருக்க மேலவை) ஓட்டு எடுத்தப்ப மேற்கு கேப் மட்டும் வேணாம்னதுக்கு கட்சி அரசியல் ஒரு காரணம்னா இது இன்னொரு காரணம்.

---

நாகர்கோவில் சிஸ்டர் | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நைட் டியூட்டி முடிச்சு வந்து படிக்கிறேன், தூக்கம் போச்சு.

தென்காசி அண்ணா, மொதல்ல உங்க மாமியார் விஷயம். சுகரும் பிரஷரும் கன்ட்ரோல்ல இருந்தா மாசாமாசம் அந்த லைன்ல நிக்க வேண்டியதே இல்ல. சி.சி.எம்.டி.டி.ன்னு ஒரு ஏற்பாடு 2014ல இருந்து இருக்கு, டாப்லாப் மெட்ஸ்னு போர்டு பாத்திருப்பீங்க. கிளினிக்ல சிஸ்டர்கிட்ட "என்னை இதுல போடுங்க"ன்னு கேட்டா, பேரு போட்ட மருந்துப் பாக்கெட் பக்கத்து ஃபார்மசிக்கோ பிக்கப் பாயின்டுக்கோ வந்துடும், போன்ல மெசேஜ் வந்ததும் போய் வாங்கிக்கலாம், காசு கிடையாது. கேட்டாத்தான் போடுவாங்க, நிறைய பெரியவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. உங்க மனுவுல மொத வரியா இதை எழுதலாம், நிலையா இருக்க நோயாளிகளை எல்லாம் கேக்காமலே இதுல சேத்து விடுன்னு. அவங்க லைன்ல இருந்து விலகினாலே மிச்ச பேருக்கு சிஸ்டர் முகத்தை நிமிந்து பாக்க நேரம் கிடைக்கும்.

ரெண்டாவது, மாநில அளவுல சாதிச்சதுக்கு கனடா வரைக்கும் போவானேன், நம்ம ஊரையே சொல்லலாமே. ஆனா தமிழ்நாடுன்னா எல்லாரும் காப்பீட்டு கார்டைத்தான் தூக்கிக் காட்டுவாங்க. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்துச்சு, 2012ல முதலமைச்சர் விரிவான திட்டம் ஆச்சு, இப்ப குடும்பத்துக்கு வருஷம் 5 லட்ச ரூபா வரைக்கும். நல்லதுதான், இதய ஆபரேஷனுக்கு நெலத்தை விக்காம தப்பிச்ச குடும்பம் எனக்கே தெரியும். ஆனா கார்டு இருந்தா அட்மிஷன் போட்ட பெரிய வைத்தியத்துக்குத்தான் ஆகும், சர்க்கரை மாத்திரைக்கு கார்டு வேலைக்காகாது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) இருந்தவ. அங்க எங்களை காப்பாத்தினது டி.என்.எம்.எஸ்.சி. 1994ல ஆரம்பிச்ச அரசு மருந்துக் கழகம். மாநிலம் முழுக்க வேணுங்கற மருந்தை ஒரே இடத்துல டெண்டர் போட்டு மொத்தமா வாங்குவாங்க, லேபுல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனாத்தான் வெளிய வரும், மாவட்டத்துக்கு மாவட்டம் குடோன். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக் இருக்கும், உங்களுக்கு இந்த வருஷம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு. வேன் குடோனுக்கு போகும், எடுத்த மருந்தை பாஸ்புக்குல எழுதுவாங்க, மீதி எவ்வளவுன்னு எங்க ஃபார்மசிஸ்ட் அண்ணனுக்கு விரல் நுனியில இருக்கும். அட்டையிலயே தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்லன்னு அச்சடிச்சிருக்கும், அதனால வெளிக் கடையில கொண்டு போய் வித்தா மாட்டிக்குவாங்க. எந்த மருந்து எங்க காலி ஆகப் போகுதுன்னு முன்னாடியே தெரியற ஏற்பாடு அது. ராஜஸ்தான், கேரளா எல்லாம் அதைப் பாத்துத்தான் சொந்தமா கழகம் வெச்சாங்க. சுகரு பிரஷருக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போறது (மக்களைத் தேடி மருத்துவம்) 2021ல வந்துச்சு, ஆனா குடோன்ல சரக்கு இல்லைன்னா அந்த வண்டி எதை ஏத்திக்கிட்டு போகும்?

இங்கயும் ஓநோம்பிலோன்னு சுகாதாரப் பணியாளர் அக்காங்க வீடு வீடா போறாங்க, நல்ல ஆளுங்க. சம்பளத்தைக் கேட்டா நமக்கே கூச்சமா இருக்கும். பிரிட்டோரியா அண்ணன் சொன்ன மாதிரி, சேவையை கேளுங்க. அதுலயும் மருந்து இருப்புக் கணக்கை கேளுங்க. ஒவ்வொரு கிளினிக்லயும் என்ன மருந்து எத்தனை நாளா இல்லைன்னு மாசாமாசம் வெளிய போடுன்னு. காசே ஆகாத கோரிக்கை, அதனால பட்ஜெட் இல்லைன்னு சொல்ல முடியாது.

---

விசா வெயிட்டிங் | டர்பன்

எல்லாரும் எல்லாருக்கும் எல்லாருக்கும்ங்கிறீங்க, எங்களை மாதிரி வொர்க் பர்மிட்ல வந்தவங்க அந்த எல்லாருல உண்டா? 2025ல இதே டர்பன்ல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஐடி கேட்டு திருப்பி அனுப்பினாங்களே ஒரு கூட்டம், அப்ப எங்க வீட்டுல மாசமா இருந்தாங்க. மெடிக்கல் எய்ட் இருந்ததால தனியார்ல பாத்துக்கிட்டோம். பக்கத்து ஃபிளாட்டுல மலாவிக்கார பொண்ணு ஒண்ணு, அதுக்கு என்ன இருக்கு? இப்ப உங்க கூட்டத்துல யாராவது "வெளிநாட்டுக்காரனாலதான் லைன் நீளுது"ன்னு ஆரம்பிச்சா மனுவுல அதையும் எழுதுவீங்களா?

---

நாகர்கோவில் சிஸ்டர் | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, அரசியல் சட்டம் 27ஆம் பிரிவுல மருத்துவம் பெறும் உரிமை எல்லாருக்கும்னுதான் இருக்கு, குடிமகனுக்குன்னு இல்ல. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாதுன்னு அதுலயே தனியா ஒரு வரி. மாசமா இருக்கவங்க, ஆறு வயசுக்குள்ள புள்ளைங்களுக்கு இலவசம்னு 1994ல மண்டேலா வந்த கையோட அறிவிச்சாரு, 1996ல கிளினிக் வைத்தியம் பொதுவுல இலவசமாச்சு. வாசல்ல நின்னவங்களுக்கு அந்த அதிகாரத்தை யாரும் குடுக்கலை. ஆனா என்.எச்.ஐ. சட்டத்துல உங்க கேள்விக்கு பதில் இவ்வளவு தாராளமா இருக்காது, குடிமக்கள், பெர்மனன்ட் ரெசிடென்ட், அகதி அந்தஸ்து வாங்கினவங்கன்னு வரையறை பண்ணியிருக்காங்க. தென்காசி அண்ணா, இதை உங்க கூட்டத்துல முன்னாடியே பேசி முடிச்சிடுங்க, கையெழுத்து வாங்குற அன்னிக்கு சண்டை வரக் கூடாது.

---

சாட்ஸ்வர்த் தாத்தா | டர்பன்

தம்பிங்களா, நான் இங்கயே பொறந்தவன், வெர்னாகுலர் ஸ்கூல்ல படிச்ச தமிழ். வக்கீல் ஆபீஸ்ல கிளார்க்கா காலம் போச்சு. நீங்க எல்லாரும் சட்டம் பேசுறீங்க, ஆனா நம்ம ஊர் ஆளு பேருலயே இந்த விஷயத்துக்கு நாட்டோட மொத பெரிய தீர்ப்பு இருக்கே, ஒருத்தரும் சொல்லக் காணோம்.

தியாகராஜ் சூப்ரமணி. 41 வயசு, டர்பன்காரர், வேலை கிடையாது. சக்கரை, இருதயக் கோளாறு, 1996ல ஸ்ட்ரோக், கடைசியில ரெண்டு கிட்னியும் போச்சு. கையில இருந்த காசு தீர்ற வரைக்கும் பிரைவேட்ல டயாலிசிஸ் பண்ணிக்கிட்டாரு. தீந்த பிறகு அடிங்டன் ஆஸ்பத்திரிக்கு போனாரு. அங்க மெஷினே 20தான், அதுலயும் சிலது ஓட்டை. கிட்னி மாத்த தகுதி இருக்கவங்களுக்குத்தான் தொடர்ந்து டயாலிசிஸ்னு ஒரு விதி வெச்சிருந்தாங்க, இருதயம் கெட்டவருக்கு கிட்னி மாத்த முடியாது, அதனால இல்லைன்னுட்டாங்க. கேஸ் போட்டாரு. எதிர்க்கட்சி யாரு தெரியுமா, குவாசூலு-நட்டால் சுகாதார மந்திரி. 27ஆம் பிரிவுல அவசர சிகிச்சை மறுக்கக் கூடாதுன்னு இருக்குல்ல, அதைத்தான் புடிச்சாங்க.

1997 நவம்பர் 27ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்டு அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. வருஷக்கணக்கா நடக்கற டயாலிசிஸ் அவசர சிகிச்சையில வராதுன்னாங்க. ஒரு ஆளுக்கு வருஷம் 60,000 ராண்ட் ஆகும், மாகாணம் முந்தின வருஷமே பட்ஜெட்டுக்கு மேல 152 மில்லியன் செலவு பண்ணிட்டுது, இருக்கறதை எப்படி பங்கு போடறதுங்கறது மாகாண நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு, நல்ல எண்ணத்தோட நியாயமா எடுத்திருந்தா கோர்ட்டு தலையிடாதுன்னாங்க. கொஞ்ச நாள்ல மனுஷன் போயிட்டாரு. எங்க ஆபீஸ்ல அன்னிக்கு ஒருத்தரும் பேசலை, எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி ஒரு பேரு, எல்லா வீட்டுலயும் இருக்க ஒரு வியாதி.

நான் ஏன் இதை சொல்றேன்னா, அந்தத் தீர்ப்பை படிச்சா கோர்ட்டே சொல்லுது, பணத்தை பங்கு போடற இடம் மாகாணம்னு. அப்ப அந்த பங்கு போடற மேஜையில போய் உக்காரணும். வழி இருக்கு. 2003 தேசிய சுகாதாரச் சட்டத்துல 42ஆம் பிரிவு, ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு கமிட்டி இருக்கணும், வார்டு கவுன்சிலர், ஊர் ஜனங்க, கிளினிக் தலைமை சிஸ்டர் எல்லாரும் அதுல இருக்கணும். தென்காசி தம்பி, உன் கிளினிக்ல அந்தக் கமிட்டி யாருன்னு கேட்டுப் பாரு. முழிப்பாங்க. பாதி இடத்துல பேப்பர்ல மட்டும் இருக்கும். நான் கொஞ்ச காலம் ஒண்ணுல இருந்தேன், எதுன்னு சொல்ல மாட்டேன். மந்திரி வந்தா மாலை போட மட்டும் கூப்புடுவாங்க. நாங்க ஒரே விஷயத்தை புடிச்சுக்கிட்டோம், விடியக்காலையில கேட்டை திற, உள்ள ஷெட்டுல உக்கார விடுன்னு. செக்யூரிட்டி ஒப்பந்தத்துல நேரம் அப்படி இல்லைன்னாங்க, இன்ஷூரன்ஸ்ன்னாங்க, சாவி யாருகிட்ட இருக்கும்னாங்க. ஒவ்வொரு கூட்டத்துலயும் அதே பேச்சு, மினிட்ஸ்ல எழுத வெச்சோம். கடைசியில திறந்தாங்க. டாக்டர் ஒருத்தரும் கூடுதலா வரலை, ஆனா கிழவிங்க நனையலை.

---

கேப் செல்வி | கேப்டவுன்

தாத்தா சொன்னது தோத்த கேஸ், ஜெயிச்ச கேஸும் இருக்கு. ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்னு எச்.ஐ.வி. இருக்கவங்களோட மருந்துக்காகப் போராடற அமைப்பு, 1998ல ஆரம்பிச்சாங்க. எச்.ஐ.வி. இருக்க அம்மாகிட்ட இருந்து புள்ளைக்கு வராம இருக்க நெவிரபைன் குடுன்னு கேட்டாங்க, மத்திய அரசு குறிப்பிட்ட சில இடத்துல மட்டும்தான்னு அடம் புடிச்சுது. 2002 ஜூலை 5ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட்டு, அந்தக் கட்டுப்பாட்டை எடு, குடுன்னு சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே மாகாணங்க அசைஞ்சது நிறைய பேருக்கு மறந்து போச்சு. எங்க பக்கம் கயலிட்ஷாவுல 1999லயே அம்மாங்களுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. உங்க குவாசூலு-நட்டால் பிரீமியர் லயனல் ம்ட்ஷாலி 2002 ஜனவரியில, தீர்ப்புக்கு மாசக்கணக்கு முன்னாடி, எங்க மாகாணத்துல குடுப்போம்னு மத்திய அரசை மீறி சொன்னாரு. ரெண்டு மாகாணம் குடுக்குது, மத்தவன் ஏன் குடுக்க முடியாதுன்னு கேட்டா பதில் இல்ல பாருங்க.

என்.எச்.ஐ. வேணும் வேணாம்னு உங்க கூட்டத்தை ரெண்டாக்காதீங்க. ரெண்டு கட்சியும் ஒத்துக்கற மருந்து, ஆள், கேட் திறக்கறது, இதை மட்டும் எழுதுங்க. பின்னாடி என்.எச்.ஐ. வந்தாலும், நல்லா நடக்கற கிளினிக்கோடதான் அந்த நிதியம் ஒப்பந்தம் போடும், தரச் சான்று இல்லாத இடத்துக்கு பணம் வராது. அப்ப இன்னிக்கு கிளினிக்கை தூக்கி நிறுத்தறது ரெண்டுக்கும் உதவும்.

---

லெனேசியா குமார் | ஜோபர்க்

எல்லாம் சரி, பபிதா அக்கா கதைக்கு யாரும் பதில் சொல்லலையே. மருந்துக் கழகம், குடோன், டெண்டர்ங்கிறீங்க சிஸ்டர், இந்த ஊர்ல டெண்டர்ங்கற வார்த்தைய கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

---

கணக்குப்பிள்ளை | பிரிட்டோரியா

நியாயமான பயம். ஆனா ஒண்ணு யோசிங்க, திருட்டைக் கண்டுபிடிச்சதும் அதே மாகாண ஆபீஸ்ல உக்காந்து பில்லை வரி வரியா பாத்த அந்த அம்மாதான். அவங்க தனியா நின்னாங்க, அதான் கொடுமை. கணக்கு வெளிய பத்து பேரு பாக்கற மாதிரி இருந்தா ஒரு ஆளைக் கொன்னு மறைக்க முடியாது. சிஸ்டர் சொன்ன மருந்து இருப்புப் பட்டியல் அதுக்கும் உதவும்.

தென்காசிக்காரரே, மனு மட்டும் குடுக்காதீங்க, தகவல் உரிமைச் சட்டம் (2000ஆம் வருஷத்துது, பாயான்னு சொல்வாங்க) ஃபாரமும் சேத்துப் போடுங்க. உங்க கிளினிக்ல அனுமதிச்ச நர்ஸ் போஸ்ட் எத்தனை, காலி எத்தனை, எத்தனை மாசமா காலி. 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். 2025 ஏப்ரல்ல மத்திய சுகாதார மந்திரியா இருந்த மோட்சோலெடி 1,200 டாக்டர், 200 நர்ஸ், இன்னும் 250 பேரை எடுக்கறோம்னு அறிவிச்சாரு, அதுல உங்க பக்கம் எத்தனை பேரு வந்தாங்கன்னும் கேளுங்க. படிச்ச டாக்டர் வேலை கேட்டு ஊர்வலம் போறான், இந்தப் பக்கம் கிளினிக்ல டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள், இதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்கே தெரியலை.

---

பீனிக்ஸ் தென்காசிக்காரன் | டர்பன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம், ஆடி மாசங்கறதால மாரியம்மனுக்கு கூழ் ஊத்தி முடிச்ச உடனே கோயில் ஹால்லயே.

விசாரிச்சேன், மாமியார் போற கிளினிக் முனிசிபாலிட்டியோடது, பக்கத்து தெருவுக்காரங்க போற பெரிய சென்டர் மாகாணத்தோடது. அதனால ஒரே மனு, ரெண்டு காப்பி, ரெண்டு ஆபீசு. என்.எச்.ஐ.ங்கற வார்த்தையே வராம எழுதப் போறேன். மருந்து இருப்பை மாசாமாசம் ஒட்டு, காலி போஸ்ட்டை நிரப்பு, நிலையா இருக்கவங்களை சி.சி.எம்.டி.டி.ல நீயே போடு, கமிட்டி யாருன்னு சொல்லு, கேட்டை முன்னாடி திற. விசா தம்பி கேட்டதுக்கு, சட்டத்துல இருக்க மாதிரியே "எல்லாருக்கும்"னு போட்டு 27ஆம் பிரிவு நம்பரை பக்கத்துல எழுதறேன். ரெண்டு மூணு பேரு மொறைப்பாங்க, பாத்துக்கலாம். சூலுவுல மாத்தி எழுத இனாண்டா ஸ்கூல் டீச்சரம்மா ஒருத்தங்க ஒத்துக்கிட்டாங்க.

மாமியாரை சிஸ்டர் சொன்ன மாதிரி போய் கேக்கச் சொன்னேன், இந்த வாரம் ஃபாரம் தீந்து போச்சாம், அடுத்த தடவை வரச் சொல்லியிருக்காங்க. அதையும் மனுவுல சேக்கவா?

---

சாட்ஸ்வர்த் தாத்தா | டர்பன்

சேத்துடு. தேதி போட்டு சேத்துடு.

---

லெனேசியா குமார் | ஜோபர்க்

நான் இன்னும் என் கட்சியிலதான் இருக்கேன், ஆனா ஒண்ணு சொல்றேன் அண்ணே. ரெண்டு ஆபீஸ்லயும் காப்பியில சீல் அடிச்சு வாங்குங்க, வாங்கின ஆளு பேரையும் எழுதச் சொல்லுங்க. ஈமெயில் அனுப்பினா போதும்னு சொல்வாங்க, கேக்காதீங்க.